படத்தில் விடுபட்ட ஹோர்ன் சத்தம்

எட ஹனீபா, என்ரை அருமை மச்சானே,

முந்தநாளும் நீ ரிவியில் வந்தாய். நானும் நீயும் பேர் கேட்டறியாத ஏதோ ஒரு பட்டணத்தில் குண்டு வெடித்திருக்கிறது. உடனே இங்கே மெல்பேணில் நீ பள்ளிவாசல் கேற்றைத் தாண்டி வெளியே வந்தாய். அதே வெள்ளை ஜுப்பா, அதே தொப்பி, கையில் அதே நீலப் பை. ரெண்டு எட்டு வைத்து நிமிர்ந்தாய். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் அரை வருஷம் ஆகப்போகிறது, இன்னும் உனக்கு லீவு தருகிறாங்கள் இல்லை.

சனம் முழுக்க வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஓ.எல். சோதனையை மூன்று தரம் எடுத்தவன் நான். ஒரு தரம் எடுத்துப் பாஸ் பண்ணினவைக்கு அந்த அனுபவம் கிடையாது. இந்த நாட்டில் இப்படித் தமிழ் எழுதக்கூடிய ஆக்கள் ரெண்டே பேர். மற்றவர் யாரென்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்றோ ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த சனத்தை ஒரு கமராக்காரன் படம் பிடித்துக்கொண்டு போனான். அதிலே நீ நடந்து வருகிற துண்டுதான் அவங்களுக்கு வாய்த்தது. குண்டென்றால் நீ. ஹலால் முத்திரைச் சண்டையென்றால் நீ. பொம்பிளையள் முகம் மூடலாமா என்று விவாதம் வந்தால், அதுக்கும் தாடியோடு நீ. விட்டால் வெங்காய விலைக்கும் உன்னை நடக்க விடுவாங்கள். உன்னை அடக்கம் பண்ணிப்போட்டு வந்து, குளித்துவிட்டு ரிவியைப் போட்டேன். மண் போட்ட கையில் ஈரம் காயவில்லை, நீ திரையில் நடந்து வருகிறாய். கீழே எழுத்து ஓடுகிறது: கவலை அதிகரிக்கிறது.

இதே சனலில் ஒரு வெள்ளைப் பெடியன் ஆக்களைச் சுட்டால் என்ன காட்டுவாங்கள் தெரியுமோ? அவன் சின்னனில் நாய்க்குட்டியைக் கட்டிப்பிடித்த படம். அமைதியான பிள்ளை என்று பக்கத்து வீட்டுக் கிழவி அழுவாள். அவனுக்கு ஒரு தாய், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மனவருத்தம். உனக்கு ஒரு பை.

எங்கடை தமிழ்ச் சனம் மட்டும் திறமோ? கிளென் வேவர்லியில் ஒரு பிறந்தநாள் விருந்து. இஞ்சினியர் பரமேஸ், வாய்க்குள் ரோல்ஸை அடைத்துக்கொண்டு, "சோதி, உம்மட சிநேகிதரைத் திரும்பவும் ரிவியில கண்டன். உண்மையைச் சொல்லும், பையுக்குள்ள என்ன?" என்றார். கதிரைகள் எல்லாம் சிரித்தன. "பாரை மீன் தலை ஐயா, பதினைஞ்சு கிலோ. உங்கட தலையை விடப் பெரிசு, உள்ளுக்கும் ஏதோ இருந்தது" என்றேன். பிறகு எனக்கு ஐஸ்கிறீம் வரவில்லை.

தலை ரெண்டு கிலோ வரும். மற்றபடி உண்மை. நீ விடிய ஸ்பிரிங்வேலில் வாங்கி, பள்ளிவாசல் குசினியில் ஐஸில் வைத்து, தொழுதுவிட்டு எனக்கு எடுத்துவந்த தலை. சனிக்கிழமை நான் காய்ச்சுகிற மீன் கூழுக்கு. நான் வாகனம் நிற்பாட்டக் கூடாத இடத்தில் காரைப் போட்டுவிட்டு, தண்டம் எழுதுகிறவன் வருகிறான் என்று ஹோர்னில் ஏறி இருந்தேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து முறைத்தாய். உலகமே பார்த்து நடுங்குகிற அந்த முறைப்பு, மச்சான், எனக்கு முறைத்தது. அதை உண்டாக்கினவன் நான் என்று ஸ்பிரிங்வேல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் படத்தில் ஹோர்னைக் காணவில்லை. சத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செய்தி வாசிக்கிறவளின் குரலைப் போட்டுவிட்டாங்கள்.

ஒருக்கா வேலைத்தலத்தில் சாப்பிடும்போது கேட்டாய்: "சோதி, நான் பாக்க அவ்வளவு பயங்கரமாவா இருக்கிறன்?" "போட்டி வைச்சா முதல் பரிசு உனக்குத்தான்" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அடுத்த நாளிலிருந்து நீ பையே கொண்டுவரவில்லை. உள்ளே இருக்கிற சோறும் கறியும் வெளியே தெரிகிற பெட்டியொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். அது ஏன் மச்சான்? வீட்டில் செய்தி தொடங்கினால் ரிவியை மாற்றிவிடுவாயாம். உன்ரை பெண்சாதி ஸரீனாவுக்குத் தெரியக்கூடாதென்றா?

நீ போனபிறகுதான் அவள் அந்தத் துண்டைக் கண்டாள். அதுவும் இத்தா இருந்த காலத்தில். புருஷன் போனால் நாலு மாதத்துக்கு மேலாக வெளி ஆம்பிளைக்கு முகம் காட்டாமல் வீட்டோடு இருக்கிற உங்கடை வழக்கம். நான் போய் வாசலில் சாமானை வைத்துவிட்டு வருவேன். உன்ரை மகள் சப்னா கதவு திறந்து, "தாங்க்ஸ் அங்கிள்" என்பாள். "உம்மா எப்பிடி?" "ஷீ இஸ் வாச்சிங் த நியூஸ்." எப்ப கேட்டாலும் இதே பதில்.

பாவம், புருஷனை இப்படிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு இரத்தம் கொதித்தது. அவளிடம் கேட்க வழியில்லை, நானே முடிவெடுத்தேன். அந்த சனலுக்குப் போன் எடுத்தேன். என்ரை இங்கிலீஷில், அங்கே போன் தூக்கின பிள்ளை கதிரையை விட்டு எழும்பியிருப்பாள். இந்த நாட்டு மந்திரிமாரில் பாதிப்பேர் என்ரை கூழ் குடித்தவை என்றேன். "இறந்த மனுசனை நடக்கவிடாதேயுங்கோ" என்றேன். கவனிக்கிறோம் என்றாள். கவனித்தாங்கள்.

முந்தநாள் பின்னேரம் போனேன். இத்தா முடிந்திருந்தது. ஸரீனா ரிவிக்கு முன்னால் இருந்தாள், மெலிந்துபோய். தேத்தண்ணி வந்தது. சனலைக் கவிழ்த்த கதையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். "தங்கச்சி, இப்பிடி ஒரு அநியாயம் உலகத்தில வேற எங்கயும் நடந்திருக்கோ?"

"நடந்ததே அண்ணை" என்றாள். "தொண்ணூறில யாழ்ப்பாணத்தில முஸ்லிம் சனம் எங்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கம் அறிவிக்கேக்க எந்த ரிவியும் வரேல்ல. ஸ்பீக்கர் கட்டின வாகனம்தான் வந்தது. அது பேசினது தமிழ்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அப்போதுதான் செய்தி வந்தது. குண்டு, புகை, அழுகிற சனம். ஸரீனா கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். நீ வந்தாய். பை வந்தது. நிமிர்ந்தாய். உன்ரை முகம் இருந்த இடத்தில் கஞ்சி ஊற்றின மாதிரி ஒரு பனிப்புகார். என்ரை போனுக்கு அவங்கள் கவனித்த கவனிப்பு. களவெடுத்தவனைக் கோட்டுக்குக் கூட்டிப்போகும்போது மறைப்பாங்களே, அதே மறைப்பு. முந்தி நீ முறைக்கிற மனுசன். இப்போது முகத்தை ஒளிக்கிற மனுசன்.

"இது ஆர்?" என்றாள் ஸரீனா.

"உம்மா, தட்ஸ் வாப்பா."

"முகம் எங்க?"

சப்னா என்னைப் பார்த்தாள். அவள் பிறகு சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நீ வீடியோவுக்கு நிற்காத ஆள். கலியாண வீட்டு வீடியோவிலெல்லாம் உன்ரை முதுகுதான். நீ நடமாடுகிற படமென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான்.

ஸரீனா அழவில்லை. "எங்கயும் வெடிக்கோணும் எண்டு நான் கேக்கேல்ல அண்ணை. வெடிச்சா இவர் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒரு கிழமை உலகத்தில ஒண்டும் நடக்கேல்ல. எனக்கு ஏமாத்தமா இருந்தது. அதுக்கு அல்லாஹ்விட்டை மன்னிப்பு, தௌபா கேட்டு அழுதன்."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அவர் ஏன் அப்பிடி முகத்தைச் சுழிச்சவர்? நெஞ்சு நொந்ததோ? அவரைக் கொண்டுபோன நெஞ்சு நோ அப்பவே தொடங்கியிருக்கு, நான்தான் கவனிக்காம விட்டனோ? இத்தா முழுக்க இதைத்தான் யோசிச்சன்."

ஹனீபா, ஊர் முழுக்கச் சொன்ன கதையை நான் அவளுக்கு மட்டும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். தலை, ஹோர்ன், தண்டம் எழுதுகிறவன், ஒன்றும் கூட்டாமல். வாழ்க்கையில் முதல்தரம்.

என்னையே பார்த்தாள். "இது உங்கட வழமையான கதையா அண்ணை?"

நான் என்ன செய்ய? பாரைத் தலை சாட்சிக்கு வருமா? வெளியே போய்க் காரில் ஏறி, ஹோர்னை அமத்தினேன். தொண்டை கட்டின ஆடு கத்துகிற மாதிரி அந்த ஹோர்ன், உனக்குத் தெரியும்தானே. கையை எடுக்கவில்லை. ஸரீனா கறுப்பு முக்காட்டோடு வாசலுக்கு வந்து, நெற்றியைச் சுருக்கி ஒரு முறைப்பு முறைத்தாள். அசல் உன்ரை முறைப்பு. "உங்களுக்கு விசரே? சனத்தைக் கூட்டுறீங்க!"

"இதேதான் தங்கச்சி! இதே சொல்லுத்தான் அவனும் சொன்னவன்!" (நீ சொன்னது இதைவிட மோசம். அதை எழுதமாட்டேன்.)

எதிர் வீட்டு வெள்ளைக்காரன் போனை உயர்த்தி அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவளை மட்டும். "எடு ராசா, ஆனா சத்தத்தோட எடு!" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டான்.

ஸரீனா என்னை நம்பினாளோ எனக்குத் தெரியாது. கதவை இன்னும் அகலத் திறந்தாள். பிறகு, "இன்னொருக்கா அடியுங்கோ அண்ணை" என்றாள்.

அடித்தேன் மச்சான்.

இப்போது என்ரை வாக்கு. இனி வெள்ளிக்கிழமை தவறாமல், திருநீறும் பூசிக்கொண்டு, பள்ளிவாசல் கேற்றுக்கு முன்னால், நிற்பாட்டக் கூடாத அதே இடத்தில் நிற்பேன். கமராவோடு எவன் வந்தாலும் காரைக் கொண்டுபோய் அவன்ரை படத்துக்குள் விடுவேன். சத்தத்தை எடுத்துவிடுவாங்கள், தெரியும். காரையும், அதுக்குள் ஹோர்னில் ஏறி இருக்கிற என்னையும் எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். பையில் பாரைத் தலையோடு வருகிறவன் எவனுக்கு முறைக்கிறான் என்று உலகம் பார்க்கட்டும்.

உன்ரை கடைசி முறைப்புக்கும் சொந்தக்காரன் நான்தான் என்று சொல்லித் திரிகிற,
உன்ரை மச்சான்
சோதி