பச்சையின் இறக்கை

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகள் நர்மதாவுக்கு,

"மாமா, ஒரு பறவை நம்மகிட்ட பழகிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்று நீ ஒருமுறை கேட்டாய். லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குள் கையை விட்டு, உள்ளங்கையில் தினையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். விரலில் வந்து உட்கார்ந்தால் பழகிவிட்டது என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு டீச்சர் பக்கத்தில் வந்து நிற்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். நீயோ, "கதவு திறந்திருக்கும்போது வந்து உட்காரணும், மாமா" என்றாய். நான் காதில் விழாததுபோலப் பேப்பரைப் பிரித்தேன்.

வெள்ளிமலையில் மழை உண்டா? சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே உன் அத்தை நலம். என்னோடு பேச்சு மட்டும் கம்மி. நீ ஏன் மலைக்குத் திரும்பிப் போனாய் என்று என் மகன் இளஞ்செழியன் ஓசூரிலிருந்து தினமும் கேட்டான். தெரியாது என்றே சொல்லிவந்தேன். நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

தினை அறுவடைக்கு நீ மலைக்குப் போயிருந்தபோது, உன் விரலில் வந்து உட்காரும் அந்தப் பறவை பச்சை, என் கைக்கு வரவேயில்லை. கையை உள்ளே விட்டால் கம்பியில் மோதிக்கொண்டது. ஆனால் உளுந்தூர்பேட்டையிலிருந்து வரவிருந்த என் பழைய சக ஆசிரியர் தெய்வசிகாமணியிடம், கூப்பிட்டால் விரலில் வந்து உட்காரும் என்று முன்பே பீற்றிவிட்டேன். இறக்கையில் இறகுகளை வெட்டினால் தானாக நிற்கும் என்றார் பறவைக் கடைக்காரர். வெட்டினேன். உன் அத்தை கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆகி இன்னா பிரயோசனம்? உங்களுக்கு வூட்லயும் ரேங்க் கார்டு வேணும்" என்றாள்.

பச்சை பறக்கப் பார்த்துத் தரையில் விழுந்தது. அதன்பின் விரலை நீட்டினால் ஏறி நின்றது. வேறு எங்கே போகும்?

"இன்னா சார், மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?" என்றார் தெய்வசிகாமணி. அந்தப் பெருமையில்தான் சொன்னேன். "என் மருமகளும் இப்படித்தான். மலையில வளந்த பொண்ணு. வந்த புதுசுல அம்மா வூடு, அம்மா வூடுன்னுக்கினு இருந்தது. இப்போ கேக்கறதே இல்ல. எல்லாம் பழக்கறதுல இருக்குது சார்." இருவரும் சிரித்தோம். திரும்பினால், தினைப் பையோடு நீ வாசலில் நின்றிருந்தாய்.

நீ பையை இறக்கி வைத்தாய். எங்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாய். பச்சையை எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்தாய். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாய்.

நீ ஊருக்குப் போகக் கேட்டபோது நான் ஒருநாளும் அதட்டியதில்லை. மலைப்பாதையில் மழை, வீட்டுக்கு விருந்தாளி, அடுத்த வாரம் பார்க்கலாம்மா என்று அன்பாகத்தான் சொன்னேன். அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு வைத்திருப்பேன். இந்த அறுவடைக்குக்கூட உன் அத்தை சண்டை போட்டதால்தான் விட்டேன். அதற்கு முன்பே நீ கேட்பதை நிறுத்திக்கொண்டிருந்தாய். அதைத்தான் பழக்கம் என்று வெளியூரிலிருந்து வந்தவரிடம் காட்டினேன். டீ டம்ளரை வாங்கியபோது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போதும் நினைத்தால் கூசுகிறது.

இறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் கால்நடை மருத்துவர். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்தே வைக்கிறேன். நீ கொண்டுவந்த தினையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறேன். அது வருவதில்லை. விரலை நீட்டுவதை விட்டுவிட்டேன்.

திருக்கோவிலூரில் உன் அத்தையின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் வருகிறது. கூப்பிடாமல் விட்டால் உன்னை ஒதுக்கியதாகிவிடும் என்பதால் நான் போன் செய்வேன். போனில் நான் எது சொன்னாலும் நீ "சரிங்க மாமா" என்பாய். அதனால்தான் இதை எழுதியே அனுப்புகிறேன். நீ எங்கே இருந்தாலும் மனம் குளிர்ந்து இரும்மா. நான் கூப்பிடும்போது வர மனமில்லை என்றால், "வரலைங்க மாமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்.

உன் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளும்
மாமா வெங்கடேசன்