வாசலில் தொங்கிய பழுப்புக் கோட்டு

19 பிப்ரவரி 1999, வெள்ளி

நாடகம் போடுகிற பர்மாக்காரர் கோ சோ மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கதை முப்பதுகளில் நடக்கிறது, காலேஜ் பையன்களின் உடுப்பு அச்சு அசலாக அந்தக் காலத்து உடுப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டதே அவர்தான். அதுவரை சீமைக் கோட்டும் டையுமாகத் திரிந்த பையன்கள், வெள்ளைக்காரன் மேல் இருந்த கோபத்தில் பழுப்புக் கைத்தறிக் கோட்டுக்கு மாறிய காலம் அது. அந்தத் துணியையே தேடிப் பிடித்துத் தைத்தேன். தைத்து முடித்ததைக் கடை வாசலில் தொங்கவிடுவது என் வழக்கம். இதையும் தொங்கவிட்டேன்.

இன்று வந்து பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. மரியாதைக்கு என் பெயருக்கு முன் 'ஊ' சேர்த்துப் பர்மிய மொழியில் பதறினார். "ஐயோ ஊ காதர், இப்ப இதை யாரு போடுறாங்கன்னு தெரியாதா? ராணுவ ஆட்சியை எதிர்க்கிற கட்சிக்காரங்க! பட்டாளத்துக்காரங்க எங்களைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. நீல பாலியஸ்டர்ல தைச்சுக் குடுங்க."

முப்பதுகளில் ஏதய்யா பாலியஸ்டர்!

அவர் போனதும் என் மனைவி கதீஜா கத்தினாள். "மொதல்ல அதைக் கழட்டி உள்ள வைங்க!"

கழற்றப் போனேன். முன்பின் தெரியாத ஒருவன் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். தனக்கும் இதேபோல் ஒன்று தைக்க முடியுமா என்றான். இது நாடகத்துக்குத் தைத்தது என்றேன். சிரித்தான். பழக்க தோஷம், கை டேப்பை எடுத்துவிட்டது. அளவெல்லாம் வேண்டாம், உங்கள் பெயர் மட்டும் போதும் என்றான்.

சொல்லித் தொலைத்தேன்.