அம்மன் கேட்ட முடி

அன்புள்ள மொக்கம்மாவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். மகள் வாசித்துக் காட்டும்போது காதைப் பொத்திக்கொள்ளாதே.

திராட்சைக் கொடி நன்றாக இருக்கிறது. ஆடுகளும்தான். சோறு நானே வடிக்கிறேன், அதைப் பற்றிக் கேட்காதே.

பெரிய டாக்டரிடம் போகாத மனுசனோடு இருக்க மாட்டேன் என்று நீ மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிய மறுநாளே தேனிக்குப் போனேன். பழைய மாத்திரைகளுக்கு என் பிரஷர் அடங்கவில்லையாம். டாக்டரம்மா புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"ரத்தக்குழாய் இறுகிக் கெடக்கு. இந்த மாத்திரை அதைத் தளர்த்தி அகலமாக்கும். ரத்தம் லேசா ஓடும், பிரஷர் எறங்கும். முடி மொளைக்கும், பயந்துபோயி நிறுத்திராதீக!"

பிரஷர் இறங்கிவிட்டது. முடி முதலில் காதில் வந்தது, பிறகு புறங்கையில். இப்போது, சிரிக்காதே, தலையிலும்!

பிரஷர் இறங்கினால் எனக்கு மொட்டை போடுவதாக வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நீ நேர்ந்தபோது, "இந்த வழுக்கையில எதைடி செரைக்க?" என்று கேட்டேன். ஓடைப்பட்டியே சிரித்தது. நீ மட்டும், "அதையும் அவளே தருவா" என்றாய்.

தந்துவிட்டாள் அந்த ஆத்தா! சித்திரைத் திருவிழா வருகிறது. நேர்ந்தவள் பக்கத்தில் நிற்காமல் நான் எப்படி மொட்டைக்கு உட்காருவது?

நீ விட்டுப்போன சீப்பில்தான் தினமும் தலை சீவுகிறேன்.

இப்படிக்கு,
மொட்டைக்குத் தயாராக இருக்கும்
உன் வீட்டுக்காரன்