திண்டிவனத்துப் பச்சைப் புடவைக்காரி

போகிக்குப் பரணை ஒழித்தபோது நீங்கள் செய்த இன்ஜின் கைக்கு வந்தது. துணியைப் பிரித்ததும் மண்ணெண்ணெயும் கரியும் கலந்த வாசம், வேலை முடிந்து வந்து நீங்கள் சட்டையைக் கழற்றினால் வருமே, அதே வாசம். வாசத்தோடு கோபமும் வந்துவிட்டது.

ஜெர்மன்காரன் சண்டைக் காலம். விழுப்புரத்து வீட்டுப் பின்னறையில் பலகை போட்டு, குடைக்கம்பியில் தண்டவாளம் பதித்தீர்கள். இந்தக் கோடி விழுப்புரம், அந்தக் கோடி திண்டிவனம். பகலெல்லாம் நிஜ இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டுவிட்டு வந்து, இந்தத் தகர இன்ஜினோடு உட்காருவீர்கள். சைக்கிள் பம்புக் குழாய்தான் பாய்லர். என் குங்குமச் சிமிழின் மூடி அதன் முதுகில் குமிழாக ஏறியது. கேட்டா எடுத்தீர்கள்? குண்டூசித் தலைகளை வெட்டி வரிசையாக ஆணி பதித்தீர்கள். கரி அள்ளும் பொம்மைக்கு உங்கள் மீசை. கறுப்புப் பெயிண்ட் காய்ந்து பளபளத்ததும், விளக்குக் கரியைத் தடவி அழுக்காக்கினீர்கள்.

"நல்லாத்தான இருந்துச்சு, இன்னாத்துக்குக் கரியப் பூசறீங்க?"

"ஓடுற இன்ஜின் கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குமாடி?"

அவ்வளவு கூர்மையான கண். நான் புதுப்புடவை கட்டினால் மட்டும் தெரியாது.

ஒரு நாள் பார்த்தால், திண்டிவனம் பிளாட்பாரத்தில் ஒருத்தி நிற்கிறாள். மரத்தில் செதுக்கிய, தீக்குச்சி உயரப் பொம்மை. பச்சைப் புடவை.

"யாருங்க இவ?"

"நீதான்."

"எங்கிட்ட ஏது பச்சைப் பொடவை?"

"கார்டு பொம்மையோட கொடிக்கு அடிச்ச பெயிண்ட்டு மீந்துச்சு."

"நான் எந்தக் காலத்துல திண்டிவனத்துல நின்னேன்?"

"எனக்காகக் காத்துக்கினு நிக்கிற, போ."

நான் அதை நம்புகிறவளா? மயிலம் கோயிலுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் மயிலத்திலேயே இறங்கச் சொல்வீர்கள். அடுத்த ஸ்டேஷன் திண்டிவனம். ஒரு தடவை கூட்டிப்போனதுண்டா? கேட்டால், "அங்க இன்னா இருக்குது உனக்கு?" என்பீர்கள். உங்களுக்கு என்ன இருந்தது?

நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் அவளைப் பிடுங்கி விழுப்புரத்தில் நிறுத்துவேன். மறுநாள் திண்டிவனத்தில் நிற்பாள். நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அவள் அங்குமிங்கும் போய்வந்தாள். வெள்ளைக்காரன்கூடப் போய்விட்டான், இவள் போகவில்லை. அடுத்த வருஷம் நீங்கள் போனீர்கள்.

கருமாதிக்கு வந்த பெண்களின் புடவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாரும் பச்சை கட்டி வரவில்லை. அதற்காக நம்பிவிடவில்லை. எல்லோரும் போனபின் பின்னறைக்குப் போனேன். திண்டிவனம் காலி, விழுப்புரமும் காலி. குனிந்து பார்த்தால், இன்ஜினுக்குள்ளே மீசைக்காரர் பக்கத்தில் நிற்கிறாள். இழுத்தேன், வரவில்லை. வஜ்ஜிரம் வைத்து ஒட்டியிருந்தீர்கள்.

ஏற்றிக்கொண்டது என்னையா, அவளையா? சொல்லாமலே போய்விட்டீர்கள்.

அந்த வருஷமே இன்ஜினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நிறம் பார்த்து, அதே பச்சையில் ஒரு புடவை எடுத்தேன். "தாலி அறுத்தவளுக்குப் பச்சை கேக்குதா?" என்று உங்கள் அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. புடவை வெளுத்துக் கிழிந்ததும், அதே பச்சையில் அடுத்தது எடுத்தேன். இதை எழுதும்போதும் பச்சைதான் கட்டியிருக்கிறேன்.

அவள் யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கட்டும். இப்போது அவள் நான்தான்.