மண்ணக்காவின் மேடு

மார்ச் 14, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. உன் மேட்டிலிருந்து இதுவரை போன லாரி நடை: 312.

மதிப்புக்குரிய மண்ணக்காவுக்கு,

பொண்டாட்டியை இப்படியா கூப்பிடுவது என்று முறைக்காதே. சுரங்கத்தில் ஃபிட்டர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் நீ மண்ணக்காதான். நான் மட்டும் என்ன உசத்தி? போனில் பேசினால் நீ கேள்வி மேல் கேள்வி கேட்டுப் படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாய் என்று அத்தை போனையே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். அதனால் இந்தக் காகிதம். படுத்தபடியே படி.

முதலில் நீ கேட்கத் துடிப்பதற்குப் பதில்: உன் மண் உயிரோடு இருக்கிறது.

தோண்டி முடித்து மூடிய குழியின் மேல் பரப்ப, செவ்வாய்க்கிழமை இரண்டு மேட்டையும் திறந்தோம். கிழக்கு மேடு, நீ வருவதற்கு முன்பு பழைய காண்டிராக்டர் உரித்தெடுத்த மேல்மண். இடம் மிச்சமாகட்டும் என்று மூன்று மாடி உயரத்துக்குக் குவித்திருந்தாரே, அதுதான். மேலே ஒரு முழம் பரவாயில்லை. உள்ளே போகப் போகச் சாம்பல் நிறம், சாக்கடை நாற்றம். காற்றே போகாமல் செத்த மண். பிறகு உன்னுடையது. எக்ஸ்கவேட்டர் வாளி முதல் கடி கடித்ததுமே புல்வேர் கொத்தாகத் தொங்கியது. அடிவரை மண்புழு. அதை ஓட்டுபவர் இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். "அஞ்சு வருஷம் குவிச்சு வச்ச மண்ணா சார் இது? நேத்து உழுத மாதிரில்ல இருக்கு!" என்றார்.

அந்த மேட்டை ஆளுயரத்துக்கு மேல் ஒரு கூடை ஏற்ற நீ விட்டதில்லை. அடிமண்ணோடு கலக்க விட்டதில்லை. புல்லும் பயறும் விதைத்து மூடி வைத்தாய். லாரி நிறுத்த இடமில்லை என்று மேனேஜர் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்துவார். "மண்ணுக்குப் பாய் போட்டுப் போர்த்தி விடுறீங்களாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, நீ சிரிக்காமல் "ஆமா சார், மிதிச்சிடாதீங்க" என்றாய். இப்போது அவரே வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டி வந்து காட்டுகிறார், என்னமோ தானே விதைத்த மாதிரி!

நடுவில் ஒரு சொதப்பல். மண்ணைத் தள்ளிப் பரப்பும் டோசரை ஓட்ட வந்திருப்பவர் இதுவரை சாலை போடும் வேலையில் இருந்தவர். நாங்கள் வைத்த பெயர் 'ஹைவே'. மூடிய குழியின் மேல் உன் மண்ணைக் கொட்டியதும், மனிதர் முன்னும் பின்னும் ஓட்டி, பிளேடால் இழைத்து, கேரம் ஆடலாம் போல முடித்துக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான். மறுநாள் காலை கம்பியால் குத்திப் பார்த்தால் நாலு விரல்கூட இறங்கவில்லை. அதில் எந்த வேர் போகும்? முழுவதையும் கிளறிவிடச் சொன்னேன். ஹைவேக்கு வந்ததே கோபம். "நேத்து கைதட்டினீங்க, இன்னிக்குக் கிழிக்கச் சொல்றீங்க. மண்ணக்கா இருந்தா முதல்லயே சொல்லியிருப்பாங்க!" முனகிக்கொண்டே கிளறிவிட்டார். இப்போது ஒரே தள்ளு, அதோடு வண்டி விலகிவிடும். நிலம் பார்க்கக் கட்டி கட்டியாக, அசிங்கமாக இருக்கிறது. கம்பி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

நேற்று முன்தினம் மழை. வருகிற புதன்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், ஈரமானாலும் பரவாயில்லை, பரப்பு என்றார் மேனேஜர். ஈரத்தில் வண்டி ஏறினால் அத்தனையும் செங்கல்லாகிவிடும், முடியாது என்றேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் குரலை இறக்கி, "மண்ணக்கா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். உடனே போனை எடுத்து, அதிகாரிகள் வருவதைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார். எங்கோ ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு, நாற்பது டன் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறாய். எனக்கு நேரில் நின்று கத்தியும் அது வரவில்லை.

சும்மா இருப்பது எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். எழுந்ததிலிருந்து இரண்டு முறை போய் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஈரம் போகவில்லை, இன்னும் உருண்டை பிடிக்கிறது.

ரத்தப்போக்கு நின்றதா என்று கேட்டால் அத்தை, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்கிறார்கள். இது ஒரு பதிலா? டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல். கெட்ட செய்தியாக இருந்தாலும் எழுதச் சொல்.

இனி நான் செய்யப்போவது:

1. மண் கையில் உதிரும்வரை ஒரு வண்டியையும் ஏற விடமாட்டேன்.

2. கிழக்கு மேட்டின் செத்த மண் அடியில் போகும். மேலே உன் மண் மட்டும்தான்.

3. பரப்பிய கையோடு விதை, நீ பிரித்து வைத்த அதே கலவை.

4. விதைத்த மறுநாள் முதல் பஸ்ஸில் அங்கே வந்து உன் கட்டிலருகே உட்காருவேன். அதுவரை உன் வயிற்றுக்குள் இருப்பவரிடம் தினமும் சொல்லிவை: வெளியே வர ஒரு அவசரமும் இல்லை. இதில் மட்டும் அப்பனைப் போல வேண்டாம், அம்மாவைப் போல இருக்கட்டும்.