சாத்தனூர் ஆற்றங்கரையில் சலீமாவின் நடை

என் கண்ணான சலீமாவுக்கு,

நம்ம ஊர் தனி மாவட்டமாகிவிட்டது, தெரியுமா? உன் பர்வீனுக்குப் புது ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. நேற்று சாயங்காலம் வந்து என் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியம்மா, ஆபீஸ் பொம்பளைங்க எல்லாம் சேந்து சாத்தனூர் போறோம். பார்க்கைப் பாத்துட்டு ஆத்தோரமா நடக்கணும். அம்மா போன வழி எது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குச் சொன்னதையெல்லாம் இப்போது உன்னிடமும் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாக எதையாவது சொல்லியிருந்தால் திருத்த நீதான் உயிரோடு இல்லை.

உன் இதயத்தில் வால்வு சரியில்லை என்றபோது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மேடு ஏறக்கூடாது, சமதரையில் மெதுவாக நடப்பது நல்லது. முதலாவது மட்டும்தான் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. உன் வீட்டுக்காரர் ரஹீம் பாய் உன்னை ஒரு குடம் தண்ணீர் தூக்கவிடவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த நானும் கடைத்தெருவுக்கு உன்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரரைச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வந்து, தன் வேகத்துக்கு நடக்க முடியாமல் பின்தங்கியவர்களைப் பற்றியே காபி ஆறும்வரை பேசுவார். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த நீ திடீரென்று கேட்டாய்: "ஏன் அண்ணா, நானும் நடக்கிற மாதிரி ஒரு வழி கெடையாதா?"

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து வழி வரைய ஆரம்பித்தார்.

பிறகு இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. சாத்தனூர் அணை பார்க்கில் ஆரம்பித்து, தென்பெண்ணைக் கரையோடு போய், ஒரு மாந்தோப்பில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று முடிவானது. அவர் மட்டும் வழியை நீட்டிக்கொண்டே போனார். பாறை தாண்டி அக்கரைக்குப் போகலாம் என்றார், அடுத்த ஊர்வரை போகலாம் என்றார்.

"அண்ணா, இது பரேடு இல்ல. மேடு ஜாஸ்தி வேணாம், நெழலு கம்மியாவக் கூடாது. ஒக்கார எடம் இருக்கணும், அவ்ளோதான்" என்றாய். பாயிடம் சம்மதம் வாங்கத்தான் பெரும்பாடு. கடைசியில், "மாஸ்டர் கூட இருக்காரு, அந்த ஒரு தைரியத்துலதான் அனுப்பறேன்" என்றார், பாவம்.

அரைப்பரீட்சை லீவில், பர்வீனைப் பாயின் பாத்திரக்கடையில் விட்டுவிட்டு மூன்று பேரும் தண்டராம்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். பார்க்கில் பூச்செடி ஒன்று விடாமல் நின்று நின்று பார்த்தாய். மரத்தடி கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தாய். அங்கே பண்ணையில் வளர்க்கிற முதலைகளைப் பார்த்து, "இதுங்களுக்கும் டாக்டர் அசையக்கூடாதுன்னு சொல்லிட்டாரா?" என்றாய்.

கரையோரம் ஆள் நடமாட்டமே இல்லை. உன் மூச்சையே கவனித்துக்கொண்டு நான் வந்தேன். மாஸ்டர் முன்னால் போனவர், தண்ணீர் பார்க்கிறேன் என்று ஒரு பாறையில் தாவினார். பாசி. அவ்வளவுதான், "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவரை விட்டு நான் நகர முடியாது. யாராவது பார்க் பக்கம் போய் ஆளைக் கூட்டிவர வேண்டும்.

"நீ இரு அக்கா. நான் போறேன்" என்றாய்.

"வேணாம் சலீமா. உனக்கு ஒண்ணுன்னா பாய்க்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"ஓடமாட்டேன். மெதுவாத்தான் போவேன். மூச்சு வாங்கினா ஒக்காந்துப்பேன். நீ அவரைப் பாரு."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போனாய். ஒரு மரத்தடியில் நின்றாய், உட்கார்ந்தாய், எழுந்து போனாய். வளைவுக்கு அப்புறம் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. உனக்காகக் கும்பிட்டேனா, அவருக்காகவா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தனியாக நடக்கும்போது நீ என்ன நினைத்தாய்? பயந்தாயா? எத்தனை தடவை கேட்டும் சிரித்துத்தான் மழுப்பினாய்.

கடைசியில் வளைவில் ஒரு மாட்டுவண்டி தெரிந்தது. அதன் பக்கத்தில் நீ. வண்டிக்காரர், "ஏறிக்கம்மான்னா கேக்கமாட்டேங்குது இந்தம்மா" என்று குறைப்பட்டுக்கொண்டார். மாஸ்டரை ஏற்றிப் படுக்கவைத்தோம். உன்னையும் ஏறச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நடக்கத்தானே வந்தேன்?" என்றாய்.

மாட்டின் வேகத்துக்கு உன் நடை சரியாக இருந்தது. படுத்திருந்தவர் தலையைத் தூக்கித் தூக்கி உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்க் வாசலில் காலுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, நீ மீன் வறுவல் வாங்கி நிம்மதியாகச் சாப்பிட்டாய். அந்த மாந்தோப்பை நாம் பார்க்கவே இல்லை.

ஊரில் பஸ் நின்றபோது பாய் காத்துக்கொண்டிருந்தார். என் தோளைப் பிடித்தபடி மாஸ்டர் நொண்டி நொண்டி இறங்க, பின்னால் எல்லாப் பையையும் சுமந்துகொண்டு நீ. "அல்லா! யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று பாய் பதறினார். "அண்ணனுக்குத்தான். எனக்குப் பசிக்குது" என்றாய். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி நாலு பேரும் சிரித்தோம். மறுநாளிலிருந்து பாய் உன்னைத் தடுக்கவில்லை. அதன்பிறகு எத்தனை வருஷம் அய்யங்குளம் வரைக்கும் நடந்தோம்! அந்த வருஷங்களை உன் கால்கள்தான் சம்பாதித்தன.

பர்வீன் குழுவில் நிறைமாதத்தை நெருங்கும் ஒருத்தி இருக்கிறாளாம். போலியோவில் கால் சூம்பிய ஒருத்தியும். "அவங்கள விட்டுட்டுப் போலாம்ங்கறாங்க பெரியம்மா, நான் வழியைக் கம்மி பண்ணிட்டேன்" என்றாள். அப்படியே உன் முகம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள்.

போகிறேன் சலீமா. யாருக்கு எது முடியாது என்று இனி நான் முடிவு கட்டமாட்டேன். எல்லாருக்கும் கடைசியாக யார் வருகிறார்களோ, அவர்கள் பக்கத்தில் நடப்பேன். இது சத்தியம்.

சுவருக்கு இந்தப் பக்கம் இன்னும் இருக்கும்
உன் அக்கா,
கனகா