நாற்பத்து மூன்றாவது கேள்வி

பிப்ரவரி 3

சின்னவளும் விண்ணப்பம் போட்டுவிட்டாள். கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே குடிநீர் அலுவலகம், அடுத்தடுத்த மேசை. காலியாக இருப்பது ஒரே ஒரு மேற்பார்வையாளர் இடம், அதுவும் தேர்வு எழுதித்தான். நான் பதினாறு வருஷமாகக் காத்திருக்கிறேன். அவள் வந்து நாலு வருஷம். கேட்டால், "சும்மா எழுதிப் பாக்கலாம்னுதான்க்கா" என்கிறாள். சும்மா எழுதுகிறவள் எதற்கு மூன்று புத்தகம் வாங்கினாளாம்?

பிப்ரவரி 11

இந்த வரிசைக் கணக்கு என் உயிரை வாங்குகிறது. அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து பேர், யாரைவிட யார் உயரம், நடுவில் யார்? அடுப்படியில் தாளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்தேன். சின்னவள் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்து, "ஈதான் நடுவுல. இதுக்கா அரை மணி நேரம்?" என்றாள். மாமியாரும் சேர்ந்து சிரித்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற பேச்சு. குத்துவது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 12

இனி படிப்பு அறைக்குள். கதவைச் சாத்திக்கொண்டு.

மார்ச் 1

டம்ளர்களை வரிசையாக வைத்து நகர்த்திப் பார்த்தேன். சட்டென்று பிடிபட்டது! யார் முன்னால், யார் பின்னால் என்று கேள்வியில் சொல்லாவிட்டால், சில கணக்குக்கு இரண்டு வரிசை பொருந்துகிறது. அப்படியென்றால் ஒரே விடை கிடையாது. சின்னவள் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறாள். சொல்லலாமா? ஏன் சொல்லணும்?

மார்ச் 15

தேர்வு. நாற்பத்து மூன்றாவது கேள்வி: அ இடமிருந்து பன்னிரண்டாவது, ஆ வலமிருந்து பதினைந்தாவது, இடையில் நான்கு பேர். மொத்தம் எத்தனை பேர்? 'தகவல் போதாது' என்று குறித்தேன். திரும்பும்போது பேருந்தில், "முப்பத்தொண்ணுதானேக்கா? ரொம்ப ஈசி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 9

அவள் எழுபத்திரண்டு. நான் எழுபத்தொன்று. வீடே அவளைக் கொண்டாடுகிறது.

விடைக்குறிப்பை ஒட்டியிருக்கிறார்கள். நாற்பத்து மூன்றுக்கு முப்பத்தொன்றாம். தப்பு — சுத்தத் தப்பு! ஆ முன்னால் நின்றால் இருபத்தொன்றுதான் வரும். ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 11

இவர் கெஞ்சுகிறார். "ஒரு மார்க்குக்காக வீட்ட ரெண்டாக்கப் போறியா?"

"அவ ஜெயிச்சா வீடு ஒண்ணா இருக்கும், நான் ஜெயிச்சா ரெண்டாயிடுமா? இது என்ன கணக்குங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 12

மனு கொடுத்தாயிற்று. இரண்டு வரிசையையும் வரைந்து காட்டினேன், ஒன்று நீலத்தில், ஒன்று சிவப்பில்.

மே 6

திருத்திய பட்டியல் வந்துவிட்டது. நான் எழுபத்திரண்டு, அவள் எழுபத்தொன்று.

மாடிப்படியில் மறித்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? சிரிக்கத்தானே செஞ்ச."

மாமியார் கீழேயிருந்து, "போதுமாடி பெரியவளே, வயிறு குளுந்துச்சா?" என்றார். குளிர்ந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மே 7

காலையில் எனக்கு மட்டும் காபி வைக்கவில்லை. நானே போட்டுக் குடித்தேன்.

மே 29

மாடியில் சின்னவள் அறையில் இரண்டு நாளாகச் சாமான் இழுக்கும் சத்தம். என்னவென்று கேட்டேன். இவர் செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை.

ஜூன் 2

மேற்பார்வையாளராகப் புது மேசையில் எனக்கு வந்த முதல் தாள் சின்னவளின் விடுப்புக் கடிதம். காரணம்: வீடு மாற்றுதல். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

மூன்று நாள் கேட்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். "சரிங்க மேடம்" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் குடிமாற முடியாது. தெரிந்துதான் போட்டேன்.